கல் கரைந்ததா, காபி மறைத்ததா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் ஓடுகிறது. இரண்டு மாதமாக மேல்வயிற்றில் வலது பக்கமாக விட்டு விட்டு வலி. எங்கள் டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த முதல் ஸ்கேனில் பித்தப்பையில் 8 மி.மீ. கல், இடது கிட்னியில் 4 மி.மீ. கல், ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்று வந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து, உறவினர் ஒருவர் சொன்ன நாட்டு மருந்தை மூன்று வாரம் கொடுத்தோம். பிறகு வேறொரு சென்டரில் மாலை 5 மணிக்கு மறுபடியும் எடுத்தோம். அன்று அம்மா மதியம் சாப்பிடவில்லை, 4 மணிக்கு ஒரு காபி மட்டும்தான் குடித்தார். அந்த ரிப்போர்ட்டில் கல் என்றே இல்லை. ‘பித்தப்பை சுருங்கியுள்ளது, ஃபேட்டி லிவர் கிரேடு 2’ என்று இருக்கிறது. கல் கரைந்துவிட்டதா? எதை நம்புவது? ஸ்கேன் எடுத்தவர் ஒரு வார்த்தை பேசாமல் ‘உங்க டாக்டரைப் பாருங்க’ என்று அனுப்பிவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகம். தங்கை 5 மாத கர்ப்பம், மூன்று ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, இப்போது நாலாவது எழுதியிருக்கிறார்கள். கதிர்வீச்சு குழந்தையைப் பாதிக்காதா? அந்த சென்டரில் முழு உடல் ஸ்கேன் சலுகை விலையில் போட்டிருக்கிறார்கள். நானும் மனைவியும் எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், வந்தவாசி அருகிலிருந்து

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தகவலை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ‘ஒரு காபி மட்டும்தான்.’ அந்தக் காபிதான் இரண்டாவது ரிப்போர்ட்டைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பித்தப்பை என்பது கல்லீரலுக்கு அடியில் தொங்கும் ஒரு சின்னப் பை. வெறும் வயிற்றில் இருக்கும்போது அதில் பித்தநீர் நிறைந்து, பேரிக்காய் மாதிரி உப்பியிருக்கும். இந்த ஸ்கேனில், அதாவது அல்ட்ராசவுண்டில், திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புக்குள் ஒரு கல் கிடந்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அதற்குப் பின்னால் நிழலும் விழும். அம்மாவை இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னால் கல் உருண்டு இடம் மாறும். இந்த மூன்றும் இருந்தால் அது கல்தான், சந்தேகமே வேண்டாம். பித்தப்பைக் கல்லைக் கண்டுபிடிப்பதில் இந்த ஸ்கேன் கெட்டிக்காரன். சி.டி.யில்கூடத் தப்பிவிடும் சில கற்கள் இதில் அகப்படும்.

ஆனால் கொழுப்புள்ள எது வயிற்றுக்குள் போனாலும் பித்தப்பை தன் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடும். சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் பிழிந்துவிடும். பாலில் கொழுப்பு இருக்கிறது. 4 மணிக்குப் பால் காபி, 5 மணிக்கு ஸ்கேன் என்றால், பித்தப்பை நன்றாகச் சுருங்கியிருக்கும் நேரத்தில் அம்மா மேஜையில் படுத்திருக்கிறார். பை சுருங்கிப் போனால் உள்ளே கறுப்பே இருக்காது. கல் இருந்தாலும் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும். பக்கத்திலேயே குடல், அதில் காற்று, அதுவும் வெள்ளையாகத் தெரிந்து நிழல் விடும். எது கல், எது காற்று என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அந்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை படியுங்கள். ‘கல் இல்லை’ என்றா எழுதியிருக்கிறார்? ‘பித்தப்பை சுருங்கியுள்ளது’ என்று மட்டும்தானே? ஸ்கேன் டாக்டர்களான எங்கள் பாஷையில் அதற்கு ‘சரியாகப் பார்க்க முடியவில்லை’ என்று அர்த்தம். அதை அவர் வெளிப்படையாக எழுதி, ‘வெறும் வயிற்றில் மறுபடி வரவும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதது அவர் குறைதான்.

8 மி.மீ. கல் மூன்று வாரத்தில் கரையாது. ஆஸ்பத்திரியில் கல் கரைக்கவென்றே ஒரு மாத்திரை உண்டு. அதுவும் சில வகைச் சின்னக் கற்களுக்கு மட்டும், அதுவும் மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்துவிடும். நாட்டு மருந்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, அதனால் அதைத் திட்டப் போவதில்லை. சர்க்கரைக்காரருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதால் உங்கள் டாக்டரிடம் மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கிட்னி கல் விஷயம் வேறு. 4 மி.மீ. அளவில் இந்த ஸ்கேன் அவ்வளவு உறுதியாகப் பேசாது. கிட்னியின் நடுப்பகுதியில் இயல்பாகவே கொழுப்பும் ரத்தக்குழாய்களும் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். அதில் ஒன்றைக் கல் என்று ஒருவர் படிப்பார், இன்னொருவர் படிக்க மாட்டார். உண்மையிலேயே கல் இருந்து, சிறுநீரோடு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அம்மாவுக்கு இடது விலாவில் வலி இல்லை, சிறுநீரில் ரத்தம் இல்லை என்றால் இதற்காக அலைய வேண்டாம். கல் சிறுநீர்க்குழாயில் இறங்கி வலிக்கிறது என்ற சந்தேகம் வந்தால் அதற்குச் சி.டி. ஸ்கேன்தான் சரியான பரிசோதனை.

ஃபேட்டி லிவர் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். இந்த கிரேடை எந்த மெஷினும் அளந்து சொல்வதில்லை. கல்லீரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்று பக்கத்திலிருக்கும் கிட்னியோடு ஒப்பிட்டு, ஒரு டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்கிற கணக்கு அது. மெஷினில் ஒரு குமிழைத் திருப்பினாலே கொஞ்சம் வெளுக்கும். அதே அம்மாவை அதே நாளில் இரண்டு பேர் பார்த்தால் ஒன்று என்றும் இரண்டு என்றும் எழுதலாம், இரண்டு பேரும் தப்பில்லை. சர்க்கரையும் எடையும்தான் இங்கே கவனிக்க வேண்டியவை. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும்.

இதெல்லாம் ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று கேட்பீர்கள். எக்ஸ்ரே ஒரு படம். எடுத்த பிறகு யார் வேண்டுமானாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். அல்ட்ராசவுண்ட் அப்படியில்லை. கையில் பிடித்திருக்கும் ப்ரோபிலிருந்து நம் காதுக்குக் கேட்காத ஒலி உடம்புக்குள் போகிறது, உறுப்புகளில் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. உடம்புக்குள் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் என்று வைத்து, எதிரொலி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து ஆழத்தைக் கணக்குப் போட்டு மெஷின் வரைந்து காட்டுகிறது. எந்த இடத்தில் ப்ரோபை வைக்கிறோம், எப்படிச் சாய்க்கிறோம், எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் படம். உங்கள் கைக்கு வரும் நாலைந்து படங்கள், நாங்கள் ஓடும் திரையில் பார்த்ததிலிருந்து எடுத்து நிறுத்தியவை. அதனால்தான் அந்தப் படங்களை இன்னொரு டாக்டரிடம் காட்டி ‘கல் இருக்கா பாருங்க’ என்று கேட்டால் அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.

ஒலிக்கு இரண்டு எதிரிகள், காற்றும் எலும்பும். வயிற்றில் சில்லென்று தடவுகிறார்களே அந்த ஜெல், ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இல்லாமல் செய்வதற்குத்தான். மருந்து ஒன்றும் இல்லை, துடைத்தால் போய்விடும். கணையத்துக்கு முன்னால் குடல் காற்று நிறைந்திருந்தால் ‘கணையம் முழுமையாகத் தெரியவில்லை’ என்று எழுதுவோம். அது நோய் இல்லை. கணையம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றிதழும் இல்லை. இந்த வரியை நிறையப் பேர் இரண்டு விதமாகவும் தப்பாகப் படிக்கிறார்கள்.

நீர் எது, சதை எது என்று பிரிப்பதில் இதற்கு இணை கிடையாது. கதை ஒன்று உண்டு. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு டாக்டர், 1955-ல் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே இரும்புத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி வைத்துப் பார்க்கும் கருவி இருந்தது. அதை வைத்து நீர்க்கட்டியையும் சதைக்கட்டியையும் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு துண்டு மாட்டிறைச்சி கொடுத்தார்களாம். எதிரொலி இரண்டு கட்டிக்கும் வேறு வேறாக வந்தது. 1958-ல் அவரும் அவர் குழுவும் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் பிறந்தது.

சரி, ஸ்கேன் எடுத்தவர் ஏன் பேசவில்லை? ஒரு காரணம் கூட்டம். இன்னொன்று, எங்களுக்குத் தெரிவது திரையில் இருப்பது மட்டும். அம்மாவின் ரத்தப் பரிசோதனை என்ன, வலி எப்போது வருகிறது என்பதெல்லாம் அனுப்பிய டாக்டரிடம் இருக்கிறது. அரைகுறையாக நாங்கள் ஒன்று சொல்லி, அவர் வேறொன்று சொன்னால் வீட்டில் தூக்கம் போய்விடும். இருந்தாலும் ‘பித்தப்பை சுருங்கியிருக்கு, காபி குடிச்சீங்களாம்மா?’ என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. நீங்களும் கேட்கலாம். ‘என்ன தெரிஞ்சுது டாக்டர், எல்லாம் சரியா பார்க்க முடிஞ்சுதா?’ என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. அந்த இரண்டாவது பாதிதான் முக்கியமான கேள்வி.

அதைவிட முக்கியம், எங்களிடம் நீங்கள் பேசுவது. பல சீட்டுகளில் ‘வயிறு ஸ்கேன்’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பல வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் அப்படி ஒரு சீட்டோடு வந்தார். கல்லீரல், கிட்னி, புரோஸ்டேட் என்று மேலிருந்து கீழ்வரை பார்த்து, ‘நார்மல்’ என்று எழுதப் போனேன். சட்டையை மாட்டிக்கொண்டே, ‘மூட்டை தூக்கினா இங்கதாம்மா வீங்குது’ என்று இடுப்பு மடிப்பைக் காட்டினார். திரும்ப நிற்க வைத்து, இருமச் சொல்லி, ப்ரோபை அங்கே வைத்தால் குடல் துருத்திக்கொண்டு வருகிறது. படுத்தால் உள்ளே போய்விடும் குடலிறக்கம். அவர் சட்டை போட அவசரப்பட்டிருந்தால் நான் அவருக்கு ஒரு நார்மல் ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அன்றிலிருந்து ‘எங்க வலிக்குது, விரலால காட்டுங்க’ என்று கேட்காமல் நான் ஜெல் பாட்டிலைத் தொடுவதில்லை. உங்கள் அம்மாவையும் விரலால் காட்டச் சொல்லுங்கள், யாரும் கேட்காவிட்டாலும்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? மறுபடி ஒரு ஸ்கேன், காலையில், வெறும் வயிற்றில். முடிந்தால் முதலில் எடுத்த அதே சென்டரில். முந்தின இரவு எட்டு மணிக்குள் எண்ணெய் அதிகமில்லாமல் எதையாவது சாப்பிட்டுவிடட்டும், இட்லி போதும். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும். காபி, டீ, பால், ஹார்லிக்ஸ் எதுவும் வேண்டாம். வெற்றிலை பாக்கும் வேண்டாம், மெல்லும்போது காற்றையும் சேர்த்து விழுங்குவோம். சர்க்கரைக்காரர் என்பதால் முன்பே போன் செய்து, முதல் நம்பராகக் காலை 7 மணிக்கோ 8 மணிக்கோ வாங்குங்கள். சர்க்கரை மாத்திரையை ஸ்கேன் முடிந்து டிபன் சாப்பிடும்போது எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் அதைப் போட்டுவிட்டு வரிசையில் உட்கார்ந்து மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை ஒரு வாய் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். பையில் இரண்டு பிஸ்கெட் இருக்கட்டும்.

சில சென்டர்களில் ‘யூரின் முட்டினால்தான் கூப்பிடுவோம்’ என்பார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை ஒதுக்கி, கர்ப்பப்பையையும் சினைப்பையையும் பார்க்க ஒரு ஜன்னல் மாதிரி உதவும். ஒரு மணி நேரம் முன்பு நாலு டம்ளர் தண்ணீர் போதும். பயந்துபோய் இரண்டு லிட்டர் குடித்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வருபவர்கள் உண்டு. அளவுக்கு மீறி நிறைந்தால் கிட்னியே லேசாக வீங்கின மாதிரி தெரிந்து, வீண் சந்தேகம் கிளம்பும். தாங்க முடியவில்லை என்றால் வரவேற்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அம்மாக்கள் கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கல் உறுதியானால் ஆபரேஷன்தானா? கல் இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம், அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அம்மாவுக்கு வலி இருக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகோ நடு இரவிலோ வந்து, அரை மணி முதல் சில மணி நேரம் நின்று, வலது தோள்பட்டைக்குப் போகிற வலியா என்று கவனித்து எழுதி வையுங்கள். அந்த விவரத்தை வைத்துத்தான் சர்ஜன் முடிவு செய்வார். காய்ச்சல், கண் மஞ்சள், விடாத வலி இவற்றில் ஒன்று வந்தால் எந்த ஸ்கேனுக்கும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்று கேட்க மறந்துவிட்டேன், அம்மாவுக்கு இ.சி.ஜி. எடுத்தார்களா? வயது 58, பத்து வருடச் சர்க்கரை, மேல்வயிற்று வலி. மாரடைப்பு சில நேரம் ‘வாயு’ என்ற பெயரில் வரும். கல்லைத் தேடுகிற அவசரத்தில் இதயத்தை விட்டுவிடக் கூடாது.

தங்கைக்கு வருகிறேன். இது ஒலி, கதிர்வீச்சு இல்லை. எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும்தான் கதிர்வீச்சு. இத்தனை வருடங்களில் சாதாரண கர்ப்ப ஸ்கேனால் குழந்தைக்குக் கெடுதல் என்று நிரூபணம் ஆனதில்லை. ஆனாலும் ஒலியும் ஒரு சக்திதான், பட்ட இடத்தைக் கொஞ்சம் சூடாக்கும். அதனால் தேவைக்கு மட்டும், தேவையான நேரம் மட்டும் என்பது எங்கள் விதி. முகத்தைப் பார்க்க ஆசை என்று மட்டும் ஒரு ஸ்கேன் வேண்டாம்.

இந்த நாலாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 5 மாதம் என்றால் இது ‘அனாமலி ஸ்கேன்’, குழந்தையின் மூளை, முதுகெலும்பு, இதயம், கை கால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. 18 முதல் 20 வாரத்துக்குள் முடித்துவிட்டால் நல்லது. பெரிய குறைபாடு ஏதாவது தெரிந்தால் இன்னொரு கருத்துக் கேட்கவும் முடிவெடுக்கவும் நேரம் வேண்டும். 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரத்தைத் தாண்டினால் மருத்துவக் குழுவிடம் போக வேண்டியிருக்கும். இந்த ஸ்கேன் அரைமணி நேரம்கூட ஆகலாம். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் ‘வெளியே போய் நடந்துட்டு வாங்கம்மா’ என்பார்கள், கோபப்பட வேண்டாம். எல்லாம் சரி என்று வந்தாலும், காது கேட்குமா, அறிவு வளர்ச்சி எப்படி, மரபணுக் கோளாறு இருக்கிறதா என்பதெல்லாம் இதில் தெரியாது.

ஒவ்வொரு ஸ்கேனிலும் பிரசவத் தேதி மாறி மாறி வந்தால் குழம்ப வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சொன்ன தேதிதான் துல்லியம். பிந்தைய ஸ்கேனில் மாறுவது குழந்தையின் வளர்ச்சி அளவு, தேதி இல்லை. ஆணா பெண்ணா என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது கேட்கச் சொல்லி அனுப்பினால், தங்கை கேட்க வேண்டாம். 1994-ஆம் வருடச் சட்டப்படி சொல்பவருக்கும் சிறை உண்டு, கேட்பவருக்கும் உண்டு.

முழு உடல் ஸ்கேனுக்கு என் பதில், வேண்டாம். என் தொழிலுக்கு நானே எதிராகப் பேசுவதாக நினைத்தாலும் பரவாயில்லை. தென் கொரியாவில் 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிகள் கொஞ்சம் பணம் கூடக் கட்டினால் கழுத்துக்கும் ஸ்கேன் என்று சேர்த்துக்கொடுத்தன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்படுவது 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்காகிவிட்டது. அந்தப் புற்றுநோயால் இறப்பவர்கள் கணக்கோ அசையவே இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் செய்திருக்காத சின்னக் கட்டிகளுக்காக ஏராளமானவர்கள் தைராய்டை இழந்து, தினம் மாத்திரை சாப்பிடுகிறார்கள். தொந்தரவு இல்லாத உடம்பில் தேடினால் ஏதாவது ஒன்று அகப்படத்தான் செய்யும், கிட்னியில் ஒரு நீர்க்கட்டி, கல்லீரலில் ஒரு புள்ளி. அப்புறம் அதன் பின்னால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று ஓட வேண்டும். அந்தப் பணத்தில் இரண்டு பேரும் சர்க்கரையும் கொழுப்பும் பாருங்கள், பிரஷரும் அளந்துகொள்ளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு அது கட்டாயம். மனைவிக்கு மார்பில் கட்டி மாதிரி எதுவும் தட்டுப்பட்டால் அன்று சலுகைக்குக் காத்திருக்காமல் போங்கள்.

அம்மாவின் மூன்றாவது ஸ்கேனுக்குப் போகும்போது முந்தைய இரண்டு ரிப்போர்ட்டுகளையும் டாக்டர் சீட்டையும் எடுத்துப் போங்கள். வேறு கருத்து வந்துவிடுமோ என்று பழையதை ஒளித்து வைக்க வேண்டாம், பழையது கையில் இருந்தால்தான் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். ஸ்கேன் படம் அச்சாகும் அந்த வழவழப்புத் தாள் சூடு பட்டால் கறுத்துப் போகும் வகை. பத்திரமாக இருக்கட்டும் என்று கடையில் கொடுத்து லேமினேட் செய்து, முழுக்கக் கறுப்பான அட்டையை என் முன்னால் வைத்தவர்கள் பல பேர். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தாளைக் கவரோடு அப்படியே விட்டுவிடுங்கள்.